ஹோட்டல்களின் ஜீர்ணோத்தாரணம்

பன்னிரண்டு வருஷத்திற்கு ஒரு முறை ஆலயங்களுக்குக் கும்பாபிஷேகம் நடத்த வேண்டுமென்று நமது முன்னோர் ஏற்படுத்தியிருக்கும் நியதியில் பக்தியோடு கூடப் பெரியதொரு லௌகிக விவேகமும் அடங்கியிருக்கிறது. கோபுரத்தில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கவும், விமானத்தின் ஒழுக்கை அடைக்கவும், திருக்குளத்துப் படிகளைச் செப்பனிடவும் அது ஒரு தவணை. "இந்த வருஷம் மகசூல் மோசம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அத்தவணையைத் தள்ளிப் போட்ட ஊர்களில் கோயில்கள் என்ன கதியடைந்தன என்பதை நம்மில் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். பிரயாணிகளுக்கு இடமும் உணவும் அளிக்கும் ஹோட்டல்களுக்கும் இத்தகைய ஜீர்ணோத்தாரணம் அவசியம். பணமுடை நேர்ந்ததும் முதன் முதலில் தள்ளிப் போடப்படுவதும் அதுவேதான். இவ்வழக்கம் பெருந்தவறு என்பதும், தொழில் மந்தமான காலமே மராமத்துக்கு உகந்த காலம் என்பதும், அந்த மராமத்தின் பாரம் சிப்பந்திகளின் தலையில் விழலாகாது என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

"பணக்காரர் தங்கும் மாளிகைகளைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். ஒரு ஹோட்டல் மூடப்பட்டால் மூடப்படுவது முதலாளியின் கல்லாப்பெட்டி மட்டுமன்று. சமையற்காரரும், பரிசாரகரும், அறை பெருக்குவோரும் வேலையிழக்கின்றனர். துணி வெளுப்பவருக்கும், பால் கொண்டு வருபவருக்கும், காய்கறி மண்டிக்காரருக்கும், வாசலில் சவாரிக்குக் காத்திருக்கும் வண்டிக்காரருக்கும் அன்றாட வரும்படி அற்றுப்போகிறது. மேலும், மாளிகைகளைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமானவை ரயிலடியிலும் சந்நிதித் தெருவிலும் இருக்கும் சாதாரண விடுதிகள். கலியாணத்திற்கு வந்தவரும், கோர்ட்டுக்கு வந்த கட்சிக்காரரும், வைத்தியத்திற்கு வந்த நோயாளியின் சுற்றத்தாரும் தலை சாய்ப்பது அங்கேதான். ஆகவே இது பொது ஜனங்களைப் பற்றிய விஷயமே.

இத்தொழிலின் தன்மையைச் சற்று ஆராய்வோம். ஆலையில் நெய்த துணி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். ஹோட்டல் அறை அப்படிப்பட்ட சரக்கன்று. இன்றிரவு ஆளில்லாமல் கிடந்த அறையின் வாடகை இன்றிரவோடு போயிற்று. ஆனால் செலவு அவ்வாறு போவதில்லை. அறை நிறைந்திருந்தாலும் வெறிச்சோடிக் கிடந்தாலும் சம்பளம், வட்டி, நகர வரி, காவல் ஆகியவை அநேகமாக ஒரே அளவில் நிற்கின்றன. ஆகையால் பிரயாணிகள் நூற்றுக்கு முப்பது பேர் குறைந்தால் லாபத்தில் முப்பது பங்கு குறைவதோடு நிற்காது. லாபம் முழுவதுமே மறைந்து நஷ்டம் தலைகாட்டும். அந்தத் திகிலில் முதலாளி செய்வதென்ன? கிழிந்த துப்பட்டியை மாற்றாமல் தைத்துப் போடுகிறார். பத்துப் பேர் செய்த வேலையை ஆறு பேரிடம் ஒப்படைக்கிறார். ஒழுகும் குழாயின் கீழே ஒரு வாளியை வைக்கிறார். வந்த பிரயாணி முகஞ்சுளித்துப் போகிறார். அவர் திரும்ப வருவதில்லை; நான்கு பேரிடம் சொல்லவும் செய்கிறார். இக்காலத்தில் அந்த நால்வர் நாலாயிரவராகப் பெருகுவதற்குக் கைத்தொலைபேசி ஒன்றே போதும். வாடகையைக் குறைத்தால்தான் ஆள் வரும் என்ற நிலை பிறக்கிறது. குறைந்த வாடகையில் மராமத்துக்கு மிச்சம் ஏது? இப்படியாக மந்தத்தில் தொடங்கிய வியாதி, மந்தம் நீங்கிய பிறகும் நீங்காமல் உடலோடு ஒட்டிக்கொள்கிறது.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு நமது தேசத்துச் சரித்திரமே சாட்சி. முதல் சாட்சியாக மோகன் சிங் ஓபராயை அழைப்போம். 1922-ம் வருஷத்தில் சிம்லாவிலிருந்த செசில் ஹோட்டலில் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவர் அவர். 1934-ல், உலக முழுவதும் வியாபாரம் படுத்துக் கிடந்த அந்த நாளில், தமது சொத்தையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்து, சிம்லாவில் கிளார்க்ஸ் ஹோட்டலை வாங்கினார். அக்காலத்தில் கல்கத்தாவில் சௌரங்கி வீதியிலுள்ள கிராண்ட் ஹோட்டலில் தொற்றுநோய் பரவி உயிர்ச்சேதம் உண்டாயிற்று. அதன் கழிவுநீர்க் குழாய்களே காரணமென்ற சந்தேகம் எழுந்தது. 1937-ல் ஹோட்டல் மூடப்பட்டது. சுமார் 500 அறைகள் கொண்ட மாபெரும் கட்டடம்; எட்டிப் பார்க்கவும் ஜனங்கள் அஞ்சினர். அதைத்தான் ஓபராய் குத்தகைக்கு எடுத்துப் பழுது பார்த்துத் திறந்தார். அடுத்தாற்போல் யுத்தம் வந்தது. கல்கத்தாவில் சேனைகள் குவிந்தன. தங்க இடம் தேவைப்பட்டபோது அந்த ஹோட்டல் தயாராக நின்றது. 1943-ல், முன்பு தாம் குமாஸ்தாவாக இருந்த செசில் ஹோட்டலை உடைமையாகக் கொண்டிருந்த கம்பெனியே அவர் வசமாயிற்று.

இவ்வரலாற்றில் அதிர்ஷ்டத்திற்கும் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. யுத்தம் வருமென்று கணக்குப் போட்டு யாரும் சாக்கடையைச் சீர்திருத்துவதில்லை. ஆனால் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டியபோது, உள்ளே சாக்கடை நாறியிருக்குமாயின் அது அப்படியே திரும்பிப் போயிருக்கும். இங்கே கவனிக்க வேண்டிய மற்றொன்று, அந்த ஹோட்டலைக் கெடுத்தது எது என்பது. சரவிளக்கு மங்கியதால் அது மூடப்படவில்லை. நடன மண்டபத்தின் ஜோடனை பழையதாகிவிட்டதாலும் மூடப்படவில்லை. யார் கண்ணுக்கும் படாமல் தரைக்கடியில் கிடந்த குழாய்களே சந்தேகத்துக்கு ஆளாயின. புதுப்பித்தல் என்றால் முகப்புக்குச் சாயம் அடிப்பது என்று எண்ணும் முதலாளிகள் இதை மனத்தில் பதித்துக்கொள்வார்களாக.

இரண்டாவது சாட்சி நமது சென்னைப் பட்டினத்திலேயே இருக்கிறது. பின்னி வீதியிலுள்ள கன்னிமாரா ஹோட்டலின் பூர்வீகம் 1854-ம் வருஷத்து இம்பீரியல் ஹோட்டல் வரை செல்கிறது. ஆல்பனி என்ற பெயரைத் தாங்கிய பிறகு, 1890-ல் அது கன்னிமாரா ஆயிற்று. அடுத்து ஸ்பென்ஸர் கம்பெனியாரின் கைக்கு வந்தது. 1930-களில், அந்நாளைய புதுப்பாணியில் மாற்றிக் கட்டப்பட்டு, 1937-ல் மறுபடியும் திறக்கப்பட்டது. 1970-களில் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அதற்குப் புதிய பகுதிகளை அமைத்தார். சமீபத்தில் மீண்டும் மூடிப் பழுது பார்த்து, 2018-ல் திறந்தனர். இத்தனை மாற்றத்திற்குப் பின்னும் சென்னைவாசிக்கு அது கன்னிமாராவே. இடம் பெயரவில்லை, பழைய நினைவுகளும் அழியவில்லை. இதே நகரத்தில் காலத்தோடு மாறாமல் நின்று, கடைசியில் இடிக்கப்பட்டு, இருந்த இடம் தெரியாமற் போன ஹோட்டல்களையும் வாசகர்கள் அறிவார்கள்.

மூன்றாவது சாட்சி பம்பாய் தாஜ்மஹால் ஹோட்டல். ஜாம்ஷெட்ஜி டாட்டா நிர்மாணித்து 1903-ம் வருஷம் டிசம்பரில் திறந்த அந்த மாளிகை, முதல் உலக யுத்தத்தில் 600 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாக மாறிற்று. பிரயாணி வராத காலத்தில் காயமடைந்தவருக்குக் கதவைத் திறந்தது. 2008-ம் வருஷம் நவம்பர் 26-ம் தேதி பயங்கரவாதிகள் புகுந்து சுட்டுத் தீ வைத்ததில் விருந்தினரும் சிப்பந்திகளும் பலர் உயிரிழந்தனர். உலகெங்கும் பாங்கிகள் சரிந்து கொண்டிருந்த வருஷம் அது. ஆயினும் ஒரு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 21-ம் தேதியே கோபுரப் பகுதியைத் திறந்தனர். பழைய அரண்மனைப் பகுதியை அவசரப்பட்டு ஒட்டுப்போட்டுத் திறக்கவில்லை. ஏறக்குறைய இருபது மாதம் வேலை செய்து, 2010-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதி திறந்தனர். திறக்கக்கூடிய பகுதியை உடனே திறப்பது, நிதானம் வேண்டிய பகுதிக்கு நிதானம் கொடுப்பது என்ற இந்த முறை, இக்கட்டில் சிக்கிய எந்த ஸ்தாபனமும் பின்பற்றத்தக்கது.

இவற்றுக்கு மாறான சாட்சியும் உண்டு. நியாயம் பேசுகிறவன் அதை மறைக்கலாகாது. கல்கத்தாவின் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் 1840-களின் தொடக்கத்தில் உதித்தது. இந்தியாவின் முதல் ஹோட்டல்களுள் ஒன்று என்ற கீர்த்தி அதற்கு உண்டு. நிர்வாகம் தள்ளாடி, 1970-களில் அது மேற்கு வங்க சர்க்காரின் கைக்கு வந்தது. சர்க்காரின் கைக்கு வந்ததால் அது பிழைத்ததா? இல்லை. வருஷா வருஷம் நஷ்டம் ஏறிற்று, கட்டடம் இளைத்தது. சம்பளத்தைக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று எண்ணினார்களே தவிர, அந்தச் சம்பளம் நாளைக்கும் வருவதற்கு வேண்டிய மராமத்தை யாரும் எண்ணவில்லை. 2005-ல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. புதுப்பித்துத் திறக்க 2013 ஆயிற்று. சிப்பந்திகளின் நன்மைக்கென்று செய்த காரியம் மராமத்தை மறந்ததால் சிப்பந்திகளுக்கே தீங்காய் முடிந்தது. மத்திய சர்க்காரின் சுற்றுலாக் கழகமும் 2001, 2002-ம் வருஷங்களில் மாமல்லபுரம் உட்படப் பல இடங்களிலிருந்த தன் ஹோட்டல்களை விற்றுவிட்டது. சர்க்கார் ஹோட்டல் நடத்தலாமா கூடாதா என்ற தர்க்கத்தில் நாம் இங்கே இறங்கவில்லை. யார் கையில் இருந்தாலும், பழுது பார்க்காத வீடு இடிந்து விழும் என்பதே நமது வாதம்.

2020-ம் வருஷம் மார்ச்சு 25-ம் தேதி முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தபோது, இத்தொழில் கண்ட சோதனை முன் கண்டிராதது. ஒரே இரவில் அறைகள் காலியாயின. சில ஹோட்டல்கள் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் இடங்களாயின. சில, வீடு செல்ல அஞ்சிய வைத்தியர்களுக்கும் தாதிகளுக்கும் தங்குமிடமாயின. பெரிய ஹோட்டல்களின் சமையலறைகள் கூட உணவைப் பொட்டலமாகக் கட்டி வீடுகளுக்கு அனுப்பின. கௌரவத்திற்குக் குறைவென்று முன்பு நினைத்த காரியம் ஜீவனோபாயமாயிற்று. அந்த மாதங்களில் இரண்டு வகை முதலாளிகளை நாம் கண்டோம். ஒருவர், ஆட்களை அனுப்பிவிட்டு, பூட்டைத் தொங்கவிட்டு, கறையானுக்கும் ஈரத்துக்கும் கட்டடத்தை ஒப்படைத்தார். மற்றொருவர், இருந்த ஆட்களைக் கொண்டே தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவி, மெத்தைகளை வெயிலில் காய வைத்து, கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசினார். மீண்டும் பிரயாணிகள் வரத் தொடங்கியபோது யாருடைய கதவு முதலில் திறந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மந்த காலம் மராமத்துக்கு உகந்தது என்று நாம் சொல்வதற்குக் காரணம் எளிது. நிறைந்த ஹோட்டலில் ஓர் அறையை மூடினால் அதன் வாடகை நஷ்டம். காலியான ஹோட்டலில் பத்து அறையை மூடினாலும் நஷ்டம் சொற்பம். தச்சரும் கொத்தரும் அக்காலத்தில் எளிதில் கிடைக்கிறார்கள். நியாயமான கூலிக்கு நல்ல வேலைக்காரரைத் தேர்ந்தெடுக்கலாம். விருந்தினர் இல்லாததால் சுத்தியல் ஓசை யார் தூக்கத்தையும் கெடுப்பதில்லை.

எதை முதலில் செய்வது? கூரையின் ஒழுக்கு, குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், மின்சாரக் கம்பி, மின்தூக்கி, தீயணைப்புச் சாதனம் ஆகியவை முதல் வரிசை. பல மாடிக் கட்டடங்களில் குழாய்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக இறங்குவதால், ஒன்றின் மேல் ஒன்றாக உள்ள அறைகளைச் சேர்த்து மூடி வேலை செய்வதே சிக்கனம். மாடிக்கு ஓர் அறை என்று அங்குமிங்கும் தட்டிக் கொண்டிருப்பது பணத்துக்கும் பெயருக்கும் கேடு. அடுத்த வரிசை, பிரயாணியின் உடம்பில் படும் பொருள்கள்: மெத்தை, துப்பட்டி, குளியலறை, விளக்கு. குறைந்த மின்சாரத்தில் எரியும் விளக்குகளும், வெயிலால் நீரைச் சூடாக்கும் கருவியும் போட்ட முதலைச் சில வருஷங்களில் திருப்பித் தந்துவிடும். முன்கூடமும் முகப்பும் கடைசி வரிசை. முதலில் ஓர் அறையை மட்டும் மாதிரியாகச் செய்து, அதில் நாலு பேரைத் தங்க வைத்து, குறை கேட்டுத் திருத்திய பிறகு மற்ற அறைகளில் கைவைப்பதும் விவேகம். நல்ல நிர்வாகிகள் வருமானத்தில் நூற்றுக்கு நாலு என்ற அளவில் மராமத்து நிதியாக ஒதுக்கி வைப்பது வழக்கம். இதை மந்தம் வந்த பிறகு தொடங்க முடியாது. நல்ல காலத்தில் ஒதுக்கியவனுக்கே கெட்ட காலத்தில் கை நீளும்.

இனி, சிப்பந்திகளைப் பற்றி. "புதுப்பிப்பதற்காக மூடுகிறோம்" என்ற அறிவிப்பு, பழைய ஆட்களை வெளியேற்றி, மறுபடி திறக்கும்போது பாதிச் சம்பளத்துக்குப் புதியவர்களை ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்துவதற்கு ஒரு திரையாகப் பயன்படுவதை நாம் அறிவோம். இது அநீதி; அத்துடன் மௌடீகமும் கூட. எந்தக் குழாய் எங்கே அடைக்கும் என்பது இருபது வருஷம் வேலை செய்தவருக்குத் தெரியும், வரைபடத்தில் இராது. வருஷந்தோறும் வரும் விருந்தினருக்குக் காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்பதும் அப்படியே. சுவரைப் புதிதாக்கலாம், பரிச்சயத்தைப் புதிதாக வாங்க முடியாது. மூடியிருக்கும் காலத்தில் அவர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க இயலாவிடில், கணக்கைத் திறந்து காட்டி, சங்கத்தோடு கலந்து, ஒரு பகுதியேனும் கொடுத்து, மராமத்து வேலையிலும் பயிற்சியிலும் அவர்களை ஈடுபடுத்தி, திறக்கும் நாளில் முதல் உரிமை அவர்களுக்கே என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். சங்கத்தாரும் ஒன்றை யோசிக்க வேண்டும். வேலை முறையில் எந்த மாறுதலுக்கும் இணங்கோம் என்பது, முழுகும் ஓடத்தில் தமது இடத்தை விட்டுக் கொடுக்க மறுப்பது போன்றது.

"கடன் வாங்கிக் கட்டடத்தைச் சிங்காரிப்பது தற்கொலை அல்லவா?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். சிங்காரத்திற்குக் கடன் கூடாதென்பதே நமது கட்சியும். ஆனால் ஒழுக்கை அடைக்க இன்று ஒரு ரூபாய் மறுப்பவன் நாளை உத்தரத்தை மாற்றப் பத்து ரூபாய் தேட வேண்டும். பாங்கிகள் நிறைந்த ஹோட்டலுக்குக் கடன் கொடுக்க ஓடிவருகின்றன. காலியான ஹோட்டலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. 2020-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், 2021-ம் வருஷம் மார்ச்சில் ஹோட்டல் தொழிலுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. சர்க்கார் பிணை நின்றதால் பாங்கிகள் துணிந்தன. அத்திட்டம் 2023 மார்ச்சோடு முடிவடைந்தது. ஆபத்து வந்த பிறகு அவசரமாகப் பிணை நிற்பதைவிட, சிறு விடுதிகளின் சுகாதார மராமத்துக்கென்று நிரந்தரமான ஒரு பிணை ஏற்பாட்டைச் செய்வது சிலாக்கியம்.

வரி விஷயத்திலும் ஒரு கோணலைச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைந்தது. பிரயாணிகளுக்கு இது சகாயம்; அதற்காகச் சர்க்காரைப் பாராட்டுகிறோம். ஆனால் அதே உத்தரவின்படி, விடுதிக்காரர் மெத்தைக்கும் நாற்காலிக்கும் குளிர்சாதனத்துக்கும் பழுது வேலைக்கும் தாம் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை போயிற்று. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளோ 18 சத விகிதம் செலுத்தினாலும் அக்கழிவைப் பெறுகின்றன. இதன் பலன் என்ன? தன் விடுதியைச் சீர்ப்படுத்த முன்வரும் சிறு முதலாளிக்கு அவ்வரி முழுவதும் செலவாகவே நின்றுவிடுகிறது. ஒன்றும் செய்யாமல் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அச்செலவு இல்லை. சட்டம் சோம்பலுக்குச் சலுகை காட்டலாகாது. குறைந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டு, மராமத்துச் சாமான்களுக்கு மட்டுமாவது கழிவை அனுமதிக்க வேண்டும். அல்லது, கழிவோடு கூடிய பழைய விகிதத்தை விரும்புவோர் அதைத் தேர்ந்துகொள்ள இடமளிக்க வேண்டும். இக்கோரிக்கையில் நியாயம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

விருந்தினரைப் பேணுவதைப் பெரிய தர்மமாகக் கொண்டவர்கள் நாம். வழிதோறும் சத்திரம் கட்டி வைத்தவர்களின் சந்ததியார், காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அறையிலாவது சுத்தமான நீரையும், ஒழுகாத கூரையையும், மனிதரை மனிதராக நடத்தும் சிப்பந்தியையும் அளிக்க வேண்டாமா? நல்ல காலம் ஒருநாள் திரும்பும். அது வரும் நாளில் கதவைத் திறக்க ஆளும், காட்டுவதற்கு ஒழுங்கான அறையும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுக்கே அது பயன்படும். காலியாய்க் கிடக்கும் அறைகளைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் முதலாளிகள், இன்றே எழுந்து கூரைமேல் ஏறிப் பார்ப்பார்களாக. அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.